நூல் கணக்கு

காட்பாடியிலிருந்து ஹவுரா
ரயிலில் முப்பது மணி நேரம், தாமதம் தனி.
மீனம்பாக்கத்திலிருந்து கொல்கத்தா
இரண்டே கால் மணி நேரம்.
மீனம்பாக்கம் போய்ச் சேரவே மூன்றரை ஆகும் என்பதை
கேட்டால்தான் சொல்வேன்.

ஆற்காடு ரோட்டில் ஆறடிக் கடை.
டிக்கெட், ஜெராக்ஸ், சிம் கார்டு.
வங்காளத்தில் எனக்கு எண்கள் தெரியும்,
"நாளைக்கு வாங்க" தெரியும்,
பாக்கியெல்லாம் தலையாட்டல்.

நிதாய் மண்டல் நீட்டியது
மகன் எடுத்துக் கொடுத்த முதல் விமான டிக்கெட்.
ஜன்னலோரம், அதற்கு முன்னூற்றைம்பது கூடுதல்.
ரத்து செய்யணும் என்றார்.
வலது கண்ணில் பச்சை மூடி.
தலை கவிழ்ந்தே இருந்தது,
என்னோடு அல்ல
என் தரையோடு பேசுகிறவர்போல.

ஆரணி ரோட்டுக் கண்ணாஸ்பத்திரியில்
பிய்ந்த விழித்திரையை ஒட்டவைக்க
உள்ளே வாயுக் குமிழி விட்டிருக்கிறார்களாம்.
பறந்தால் குமிழி பெருக்கும்,
கண் தாங்காது.
அது கரைய ஆறு வாரம்.
அதுவரை வானம் கூடாது.

தூரம் விற்கிறவள் நான்.
உயரம் ஒரு தடை என்று
இந்த நாற்காலியில் உட்கார்ந்து
கேட்டதே இல்லை.

"ரசமட்டம் தெரியுமா?" என்றார்,
சிறுசேரியில் ஏழு வருஷம் டைல்ஸ் ஒட்டிய தமிழில்.
"அதை முழுங்கின மாதிரி இருக்கு கண்ணு.
தலை ஆடினா கோடும் ஆடுது."

மறுநாளிலிருந்து கணக்குச் சொல்ல வந்தார்.
மூடியை லேசாகத் தூக்கினால்
கோட்டுக்கு மேலே உலகம் தெளிவாம்,
கீழே கலங்கலாம்.
திங்கள் ஒரு நூல் இறங்கியது.
செவ்வாய் ஒன்றரை.
புதன் ஒன்றுமில்லை, லாட்ஜில் தண்ணீர் வரவில்லை.
அதற்கும் இதற்கும் என்ன என்று நான் கேட்கவில்லை.
கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம்
குறித்து வைத்தேன்.

எங்கள் ஊர்மேல் ஒரு பழைய கிண்டல் உண்டு:
தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
அப்துல்லாபுரத்து ஓடுபாதையையும்
நானே சேர்த்துச் சொன்னேன்.
சிரித்தார்.
கோடு ஆடியிருக்கும்,
சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், கவிழ்ந்த தலையோடே:
"உங்க கடைத் தரை
வாசப்பக்கம் ரெண்டு நூல் ஓட்டம்.
ஒட்டினவன் அவசரக்காரன்."
பேனாவைக் கீழே வைத்தேன்.
உருண்டுபோய்ப் படியில் விழுந்தது.
நாலு வருஷமாய் நாற்காலி ஏன்
என்னைக் கேட்காமல் நகர்கிறது என்று
அன்றைக்குத் தெரிந்தது.

லாட்ஜ் நாளுக்கு நானூற்றைம்பது.
இருபத்திரண்டாம் நாள்
விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து
ரயிலுக்கே சொல்லிவிட்டார்.
கீழ்ப் படுக்கை, குப்புறப் படுத்துப் போக.
"வழியில மேடு உண்டா?"
திரையில் தேடினேன்.
நெல்லூர், ராஜமுந்திரி, பெர்ஹாம்பூர்,
கடலோரமாகவே ஓடுகிற தண்டவாளம்.
"மட்டமான வழிதாங்க" என்றேன்.
மட்டம் என்ற சொல்லை
இவ்வளவு மரியாதையாக
யாரும் வாங்கிக்கொண்டதில்லை.

விமான டிக்கெட்டில் திரும்பி வந்தது
அறுநூற்றுப் பத்து ரூபாய்.
எண்ணாமல் பையில் போட்டார்.

அடுத்த வாரம் மால்டாவிலிருந்து குரல் வந்தது:
"கோடு மூக்குக்கு வந்தாச்சு."
பின்னால் யாரோ ஓடு வெட்டும் இரைச்சல்.
அவராக இருக்கக் கூடாது.

இன்று காலை மூன்று பேர்,
சென்னையிலிருந்து கௌஹாத்தி.
எவ்வளவு நேரம் என்றார்கள், சொன்னேன்.
நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு
கண்ணில் ஏதும் ஆபரேஷனா என்று கேட்டேன்,
கையால் காட்டி.

இல்லை,
முட்டி என்றார்கள்.