வேற்றுமைப் பிழை

மியூஸ் ஆற்றில் பதினெட்டு வருடம்
நான் ஏற்றிப்போனது வசவு.
கன்றுத்தோலில் எழுதி, மெழுகு முத்திரை வைத்த வசவு.
மேற்குக் கரையில் ஆயர் இங்கோமர்,
கிழக்குக் கரையில் மடத்தலைவர் லைஸ்ரன்.
நடுவில் ஒரு தோணி. தோணியில் நான்.

இங்கோமருக்குப் பன்றிக்கொழுப்பு மினுங்கும் விரல்கள்,
மூன்று மோதிரம்.
அவருடைய வேட்டைநாய்கள் இரண்டும்
திருப்பலி முடியும்வரை பீடத்தடியில் சொறிந்துகொண்டிருக்கும்.
அழுதபடி வருகிறவன் எவனானாலும்
முதலில் சாப்பிடு என்பார்,
பாவத்தை அப்புறம் கேட்பார்.

லைஸ்ரன் கடல் தாண்டி வந்த அயர்லாந்துக்காரர்.
காதுக்குக் காது முன்மண்டையை மழித்திருப்பார்.
பாதி உரித்த முட்டை என்றது முதல் கடிதம்.
மார்கழிக் குளிரில் இடுப்பளவு நீரில் நின்று
நூற்றைம்பது சங்கீதமும் சொல்லி முடிப்பார்.
மீன்கள் மனம் திரும்பினவா
என்று கேட்டது இரண்டாவது.

சண்டை நிலாவைப் பற்றியது.
ஆண்டவர் உயிர்த்த நாளை
எந்தப் பிறையில் எண்ணுவது?
ரோமாபுரிக்கு ஒரு கணக்கு, தீவுக்கு ஒரு கணக்கு.
ஒரு வருடம் மேற்கே
ஆட்டுக்குட்டி நெருப்பில் சொட்டிக்கொண்டிருந்தபோது
கிழக்கே அன்றுதான் குருத்தோலை ஞாயிறு.
புகை ஆற்றைக் கடந்து
நாற்பது துறவிகளின் நோன்புக்குள் நுழைந்தது.
காற்றுப் பார்த்து அடுப்பு மூட்டினீர் என்று
லைஸ்ரன் எழுதினார்.
உண்மைதான். விறகு சுமந்தவன் நான்.

கொள்ளைநோய் வந்த கோடையில்
ஆயர் நாய்களோடு மலைக்கு ஓடிப்போனார்.
லைஸ்ரன் என் தோணியில் ஏறி வந்து
எங்கள் பிணங்களைத் தன் கையால் புதைத்தார்.
இலையுதிர் காலத்தில் ஆயர் திரும்பி வந்து எழுதினார்:
குழிகள் ஆழம் போதாது.
கடைசியில், நுணுக்கமான எழுத்தில், நன்றி.
அந்தச் சொல்லிலும் ஒரு பிழை.
அதை மட்டும் லைஸ்ரன் திருத்தவில்லை.

திருத்துவது அவர் வழக்கம்.
வந்த கடிதத்தைச் சிவப்பு மையால் கீறி
அப்படியே திருப்பி அனுப்புவார்.
இங்கோமரின் இலத்தீன் சந்தையில் பொறுக்கியது.
இரண்டாம் வேற்றுமை இருக்கவேண்டிய இடத்தில்
ஆறாம் வேற்றுமை காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்,
வினைச்சொல் குடித்துவிட்டு எங்கோ விழுந்து கிடக்கும்.
சிவப்பைக் கண்டதும் ஆயர் மேசையைக் குத்துவார்.
இரவில், மெழுகுவர்த்தி அருகே,
ஒவ்வொரு திருத்தத்தையும் உதடசைத்துப் படிப்பார்.
அடுத்த கடிதத்தில் அந்தப் பிழை இருக்காது.
வேறொன்று இருக்கும்.

போன தை மாதம், பனிப்புயலில்,
நான்கு நாள் காய்ச்சலில் இங்கோமர் இறந்தார்.
மறுகரையில் லைஸ்ரனும் படுக்கையில்.
அவரிடம் சொல்லாதே என்றார்கள் துறவிகள்,
இருமலில் கொஞ்சம் இரத்தம் வருகிறது.
மாவு மூட்டையோடு போகும்போதெல்லாம் கேட்பார்:
கடிதம் உண்டா?
ஆறு உறைந்துவிட்டது என்பேன்.
என் செருப்பில் சொட்டும் நீரைப் பார்ப்பார்.

ஆகவே நான் எழுதினேன்.
ஆயரின் சாய்ந்த கையெழுத்தில், ஆயரின் கோபத்தில்.
கிழட்டு வெள்ளாடே, இன்னும் சாகவில்லையா என்று தொடங்கி
நிலாக் கணக்குவரை ஒன்றையும் விடவில்லை.
எனக்கு யாரும் இலத்தீன் கற்பிக்கவில்லை.
நடு ஆற்றில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
பதினெட்டு வருடச் சிவப்பைப் படித்திருந்தேன்,
அவ்வளவுதான்.

லைஸ்ரன் மைக்கூடு கேட்டார்.
அவரை நிமிர்த்தி உட்காரவைக்க இரண்டுபேர் வேண்டியிருந்தது.
தூவல் முதல் வரியில் இறங்கியது,
தயங்கி இரண்டாம் வரிக்குப் போனது,
கடைசிவரை போய்
மறுபடி மேலே வந்தது.
நுனியில் சிவப்பு காய்ந்துவிட்டது.

ஏட்டை மடித்து மார்பில் வைத்துக்கொண்டார்.
எப்போது, என்றார்.
பிறை பதினாறில், என்றேன்.

கூரையில் பனி சரியும் சத்தம்.
கண்ணைத் திறக்காமல் கேட்டார்:
யாருடைய கணக்கில்?