நாற்பத்து நான்காம் பக்கம்

கல்லூத்துப்பட்டி ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
சம்பளம் பதினேழு ரூபாய், மைக்கூடு சர்க்கார் செலவு.
பசுமலையில் படித்த கையெழுத்து என்று
இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கூப்பிட்டார்
ரேகைப் புத்தகம் பிரித்த அன்று.

பித்தளைத் தகட்டில் மையைப் பரப்பி
ஒவ்வொரு விரலாக நானே பிடித்து உருட்டினேன்.
களைக்கொத்துப் பிடித்த விரல், சாணம் காயாத விரல்,
வாழ்நாளில் ஒரு கத்தரிக்காய் திருடாத விரல்.
நாற்பத்து மூன்று பக்கம் முடிந்தது.
இனி அந்த நாற்பத்து மூன்று பேரும்
பொழுது சாய்ந்ததும் இங்கே வந்து படுக்க வேண்டும்.
கொட்டகையில். என் கண்ணெதிரே. தலையை எண்ணி.

அடுத்து வந்தவன் ஒச்சுக்காளை.
காக்கிச் சட்டை, பொத்தான் இரண்டுதான் மிச்சம்.
வலது கையை மேசைமேல் வைத்தான்.
சுண்டுவிரலும் மோதிரவிரலும் இருந்தன.
மற்ற இடம் வழவழவென்று,
தோல் உரித்த பனங்கிழங்கு மாதிரி.

"பெருவிரல் எங்கேடா?"
"பஸ்ராவுல கெடக்குங்க.
ரயில் பெட்டியக் கோக்கையில கொக்கிக்குள்ள போயிருச்சு.
வேணும்னா ராசாவுக்கு ஒரு கடுதாசி போடுங்க,
அவரு சண்டைக்குத்தான போனேன்."
மடியிலிருந்து வெண்கலப் பதக்கத்தை எடுத்துக் காட்டினான்.
ராஜா தலை இருந்தது.
ராஜாவுக்கும் கை இல்லை.

சட்டத்தில் பத்து விரல் என்று இருந்தது.
விரல் இல்லாவிட்டால் என்ன என்று இல்லை.
மேலே எழுதிக் கேள் என்றார். எழுதினேன்.
மதுரைக்குப் போய், மதராஸுக்குப் போய்,
அங்கே எந்தப் பங்காவுக்கு அடியிலோ
எங்கள் தாள் படுத்துக்கொண்டது.

பதில் வரும்வரை அந்த ஊரில்
இருட்டில் நடக்க முடிந்த ஆண் அவன் ஒருவன்.

அதன் அர்த்தம் முதலில் எனக்குப் புரியவில்லை.
ராமுறைத் தண்ணீரை நாற்பத்து மூன்று வயலுக்கும்
அவன்தான் மடை மாற்றிவிட்டான்,
மண்வெட்டிக் காம்பை இரண்டு விரலில் கோத்து.
கிடைக்குள் நரி புகுந்த இரவில்
நாற்பத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்து அவனே கத்தினான்.
பேயக்காளுக்கு இடுப்பு வலி கண்டபோது
வண்டி பூட்டி நாகமலை ஓரமாக
மிஷன் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான்.
பிள்ளை வண்டியிலேயே பிறந்துவிட்டது.
பிள்ளையின் அப்பன் என் கொட்டகையில்
மூன்றாவது வரிசையில் விழித்துக் கிடந்தான்.
கம்பிக்கு வெளியிலிருந்து ஒரு குரல்:
"பொட்டப்புள்ள. ரெண்டு உசுரும் சொகம்."
எனக்கும் கேட்டது. பேரேட்டைப் புரட்டினேன்.

ஆறாவது வாரம் பதில் வந்தது.
வலது இல்லையேல் இடது போதும். கையொப்பம், முத்திரை.

நான் தைரியசாலி இல்லை. அப்பா உபதேசியார்,
பொய் சொன்னால் பிரம்பு ஒடியும் வீடு.
பொய் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் கேட்டேன்:
இடது கை முதலிலா, மிஞ்சிய வலது விரல் இரண்டும் முதலிலா,
எந்தக் கட்டத்தில், தயவுசெய்து விளக்கவும்.
அதற்குப் பதில் வர இரண்டு மாதம்.
அப்புறம் மையின் கெட்டியைப் பற்றி ஒன்று.
அதில் மழைக்காலம் முழுவதும் போயிற்று,
ஒரு போகம் நெல் வீடு வந்து சேர்ந்தது.

அடுத்த சந்தேகம் எனக்குத் தோன்றவில்லை.
இன்றைக்கும் படுத்தால் யோசிக்கிறேன்.

தை மாதம் இன்ஸ்பெக்டரே வந்து உட்கார்ந்தார்.
இடது பெருவிரலை நான்தான் பிடித்து உருட்டினேன்.
அவன் கை நடுங்கவில்லை.
மாட்டுத் தொட்டியில் மையைக் கழுவிக்கொண்டே கேட்டான்:
"ஏங்க ரைட்டரய்யா, பஸ்ராவுல கெடக்கே அந்த வெரலு,
பொழுது சாஞ்சா அதுவும் இங்க வந்து படுக்கணுமா?"

பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
அன்றிரவு ஆஜர் நாற்பத்து நான்கு.
மேலக்காட்டில் மடை திருப்ப ஆள் இல்லாமல்
விடியும்வரை தண்ணீர் ரோட்டில் ஓடிற்று.