ரிசீவரை எங்கே வைப்பது

சம்மாந்துறைக் கமநல நிலையத்தில் சிறுபோகக் கூட்டம்.
ஒன்பதரைக்கு என்றார்கள். எட்டுக்கே போய்விட்டேன்.
உருளைப் பெட்டியை இழுத்துவந்த என்னைத் தாண்டி
வாசலைப் பார்த்தபடி காவலாளி கேட்டார்:
"மைக்காரர் வரல்லையா தங்கச்சி?"
"வந்திட்டார்" என்றேன்.

ஸ்பீக்கர் ஒன்று. சுயதொழில் கடனில்
அதற்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.
கைமைக் இரண்டு:
சிவப்பு நாடா சுற்றியது மேடைக்கு, நீலம் சனத்துக்கு.
பென்டோர்ச் பற்றரி எட்டு. நாலு புதிது,
நாலை நம்ப ஏலாது.
ரிசீவரின் இரண்டு கொம்புகளையும்
கோபித்துக்கொண்ட சம்பந்திகள் போல விலக்கி நிமிர்த்தினேன்.

நான் ஹலோ சொல்வதில்லை.
பப்பாசி, பருப்பு, சீனிச்சம்பல் என்பேன்.
ப வெடிக்கிறதா, ச சீறுகிறதா,
எனக்கு அது தெரிந்தால் போதும்.
வெறும் மண்டபம் பருப்பைத் திருப்பிச் சொன்னது.
கொஞ்சம் குறைத்தேன். ஆட்கள் வந்து நிறைந்தால்
சுவர் வாயை மூடிக்கொள்ளும்.

பத்தேகாலுக்குத் தொடங்கியது.
பொறியியலாளர் சிவப்பைப் பிடித்து
"குளத்தில் இருக்கிற தண்ணி இந்தமுறை..." என்று நிறுத்த,
என் ஸ்பீக்கர் மீதியைச் சொன்னது:
"இன்னம் மூணு சஹன் இந்தப் பக்கம்!
மாப்பிள்ளைட ஆக்களுக்கு இறைச்சி காணாது!"

முந்நூறு விவசாயிகள். இப்படிச் சிரித்து
எத்தனை போகமோ.
பொறியியலாளர் மைக்கைக் கவிழ்த்துப் பார்த்தார்,
உள்ளே யாரும் இருப்பது போல.

மதிலுக்கு அங்கால் கல்யாண மண்டபம். அங்கே அஸ்மிர்.
நான் வாங்கிய கடையில்தான் அவனும் வாங்கினான்,
வாங்கிய நாளில் இருந்த எட்டாம் சனலிலேயே
இரண்டு பேரும் குடியிருக்கிறோம்.
பதினொன்றுக்கு மாறினேன். மைக்குகளையும் மாற்றினேன்.
"எட்டு உனக்கு" என்று போனில் அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

பிறகு நீலம் இறங்கியது.
நல்லதம்பிப்போடி அதை வாய்க்குள் வைத்துப் பேசினார்.
ஒருவர் கரண்டி போலப் பிடித்தார்.
வட்டவிதானை பிடித்தது பிடித்ததுதான்,
நானே போய் விரல்களைக் கழற்றவேண்டியிருந்தது.
கடைசி வரிசைக்கு அது போய்ச் சேர
ஒரு மணித்தியாலம் ஆனது.

அலியார்லெவ்வை எழும்பினார்.
பள்ளவெளிக் கண்டம், கடைசி மதகு.
"பதினெட்டுல... தொறந்தா எங்க... இருபத்தொ..."
பச்சை விளக்கு எரிகிறது, பற்றரியும் புதிது.
ஆனால் அவருக்கும் மேடைக்கும் நடுவில்
எத்தனை தோள், எத்தனை வயிறு, நிற்கிறவர்கள் வேறு.
உடம்பு தண்ணீர். அலை அதில் ஊறிப் போகும்.

"சரி, விளங்கிச்சு" என்றார் தலைமை தாங்கியவர்.

அவருக்கு விளங்கவில்லை.
எனக்குத் தெரியும். எனக்கே விளங்கவில்லை.

ரிசீவரை நெஞ்சோடு அணைத்து,
வயரை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.
"கால எடுங்க, கால எடுங்க."
மண்டபத்தின் நடுவில் கதிரைக்கு மேல் கதிரையாய் மூன்று போட்டு
உச்சியில் வைத்தேன்.
"இன்னொருக்காச் சொல்லுங்க காக்கா."

"பதினெட்டுல தொறந்தா
எங்களுக்கு இருபத்தொன்பதுலதான் தண்ணி வரும்.
போனமுற வரவுமில்ல.
நாத்து நிண்டபடியே காஞ்சி."

ஒரு சொல் உடையவில்லை.
மண்டபம் இருமக்கூட இல்லை.
கூட்டக் குறிப்பில் ஒரு வரி ஏறியது:
பள்ளவெளிக் கண்டம், கவனிக்கப்படும்.

வலையில் வெற்றிலை, பீடி, யாரோ ஒருவரின் சூப்புத்தடி.
ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அவர் வந்து கொம்புகளைத் தொடாமல் பார்த்தார்.
"எவ்வளவு தூரத்துக்குப் புடிக்கும்?"
"அம்பது மீற்றர். நடுவில ஆள் இல்லாட்டி."
"நடுவில ஆள் இல்லாத எடம் எங்க மகள் இரிக்கி?"

வாடகைக் காசுக்கு வவுச்சர் எழுதவேண்டுமாம்,
புதன்கிழமை வரட்டாம்.
மதிலுக்கு மேலால் அஸ்மிரின் கை,
ஒரு சோற்றுப் பார்சலோடு.