கொல்லாத இலை

குத்தாயிசி மருத்துவமனையின் அடித்தளத்தில்
லமாரா தட்டுகளைத் திறக்கிறாள்.
ஆட்டுக் குருதி கலந்த அகார்,
அதன்மேல் மல்காஸின் கால்புண்ணிலிருந்து வழித்த கிருமி,
பொட்டுப் பொட்டாய் மருந்துத் தாள்கள்.

பொட்டைச் சுற்றி வெற்று வட்டம் விழுந்தால்
மருந்து வென்றது.
ஒன்றைச் சுற்றியும் விழவில்லை.
பென்சிலினை உரசியபடி
பட்டா வாங்கியதுபோல் குடியிருக்கின்றன.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
மல்காஸுக்கு இது நாற்பத்தாறு.
சியாத்துராவின் மாங்கனீசுச் சுரங்கத்தில்
சரிந்த கல் ஒரு விரற்கடைதான் கிழித்தது.
முழங்காலுக்குக் கீழா மேலா என்று
மாடியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழாம் தட்டில் இலை.
ராச்சா மலைக்காட்டு செஸ்ட்நட்.
ரேவாஸ் சாக்கில் அள்ளி வந்து
ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, மறுபடி வடித்து
இருபத்தொன்பது குப்பிகளாய்ப் பிரித்திருந்தான்.
குப்பி இருபத்திரண்டு: கொல்லவில்லை
என்று எழுதிவிட்டு
லமாரா தட்டைக் கூடைக்குமேல் நீட்டினாள்.

சன்னல் வெளிச்சம் அடியிலிருந்து ஊடுருவியது.

தட்டெங்கும் கிருமி நின்ற இடத்தில்
குருதி கரைந்து வெளிறிக் கிடந்தது.
இலைப் பொட்டைச் சுற்றி மட்டும்
சிவப்பு அப்படியே.
கிருமி அங்கேயும் இருந்தது, பெருகியும் இருந்தது.
ஓர் அணுவைக்கூட உடைக்கவில்லை.

ஊர் கூடினால்தான் தேர் நகரும்.
அவையும் அப்படித்தான், தனியே சாது.
வந்தாயிற்றா, வந்தாயிற்று என்று
தமக்குள் ஆளனுப்பி, தலை எண்ணி,
போதுமென்றான பிறகே நஞ்சு உமிழும்.
இலை
அந்தத் தூதை மட்டும் எங்கோ மடக்கியிருக்கிறது.
கூடியும் கூடியது தெரியாமல்
வடம் தொடாமல் நிற்கிறது கூட்டம்.

"கொன்றால் பிழைத்தது பாடம் கற்கும்,
கொல்லாவிட்டால் கற்க என்ன இருக்கிறது?"
ரேவாஸ் துள்ளினான்.
"கொஞ்சமாவது கற்கும்," என்றாள் லமாரா.
"இது ஒரே ஒரு தட்டு. இன்னும் மூன்று முறை செய்.
பிறகு எலி. பிறகு
உனக்கு நரை."
ஆனாலும் நாடா ஒட்டி எழுதினாள்: எறியாதே.

முழங்காலுக்கு மேல், நாளைக் காலை,
என்று மாடியில் முடிவாயிற்று.

மாலையில் மல்காஸ் எந்த மரமென்று கேட்டான்.
சொன்னாள்.
"அதுவா! எங்கள் வீட்டுத் தரையே அந்தப் பலகைதான்.
சருகைக் கூட்டிக் கொளுத்துவோம்,
புகை தாங்காது."
சிரித்ததில் கட்டில் குலுங்கியது.
போர்வைக்குள்
ஒரு கால் மட்டும் அசைந்தது.