எந்தச் சிலிண்டர் என்று கேட்காதீர்கள்

முதுநகர் ரயில்வே கேட் தாண்டும்போது ஒரு தடவை.
அப்புறம் ஆல்பேட்டை வரை ஒன்றுமில்லை.
பெண்ணையாற்றுப் பாலத்தின் நடுவில்
அடுத்தடுத்து மூன்று தடவை,
விக்கல் எடுத்தவன் சொல்ல வந்ததை மறந்தது போல.
இப்படித்தான் சொன்னான் தேசிங்கு.
என் ஷெட்டுக்குள் வந்ததும்
பால் குடித்த பிள்ளையாய் ஓடியது வண்டி.

அஞ்சலாட்சியின் நானூற்றேழு.
பின்பலகையில் பெயின்ட்டைவிடச் செதில் தடிமன்.
கதவை மூட இரண்டு ஆள்,
திறக்க ஒரு காற்று.

மிஸ்ஸிங் என்றால் அதற்கொரு முறை உண்டு.
ஓடவிட்டு நாசில் நட்டை ஒவ்வொன்றாய்த் தளர்த்த வேண்டும்.
எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ
அதுதான் செத்த சிலிண்டர்.
திங்கட்கிழமை இரண்டாவது செத்திருந்தது.
செவ்வாய், நான்காவது.
புதன்கிழமை நாலும் உயிரோடு,
என் முகமெல்லாம் டீசல்.

"கன்னியக்கோயில் பங்க்குதாண்ணே.
தண்ணி கலக்குறான்."
ஃபில்டரில் இருந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி
ஒரு ராத்திரி வைத்தேன்.
அடியில் தண்ணீர் இல்லை.
மேலே ஒரு கொசு செத்துக் கிடந்தது.
நாசில் நான்கையும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினேன்.
குறையில்லை என்று வந்தது ரசீது,
எழுநூறு ரூபாய்க்கு.

பக்கத்து மனையில் சுவர் எழுப்பும் பிச்சாண்டியிடம்
மட்டக் குழாயில் இரண்டு முழம் வெட்டி வாங்கி
டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டினேன்,
கியர் ராடு ஓட்டை வழியாகக் கேபினுக்குள் ஏற்றி
மறுபடி இறக்கி.
விடியற்காலை மூன்றரைக்கு, மத்திக் கூடைகளோடு நானும்.
மடியில் குழாய், கையில் செல்போன் வெளிச்சம்.
பாலம் ஏறும்போது வந்தது
கடுகளவு ஒரு குமிழி.
பின்னால் இன்னொன்று.
அப்புறம் ஒரு சரமாய் என் மடியைக் கடந்து போக,
முன்னால் எங்கோ வண்டி விக்கியது.
தேசிங்கு குனிந்து பார்த்தான்.
ரோட்டைப் பாருடா என்றேன்.

காற்று. சரி, எங்கிருந்து?
ஹோஸ் மாற்றினேன், வாஷர் மாற்றினேன்,
இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன்.
சில நாள் வந்தது. சில நாள் வரவில்லை.

அந்தச் சில நாள்
அஞ்சலாட்சியின் நோட்டில் இருந்தது.
ஐஸ், கூலி, வட்டி, சுங்கம்.
ஓரத்தில் பென்சிலால் 'இருமல்' என்று எழுதியிருந்தாள்.
டீசல் மூவாயிரம் என்றிருந்த நாளில் இருமல் இல்லை.
ஐந்நூறு என்றிருந்த நாளெல்லாம் இருமல்.
தடைக்காலத்தில், கருவாட்டுச் சவாரிக்கு
இருநூறும் முந்நூறுமாய் ஊற்றிய பக்கங்களில்
இடம் போதாமல் 'இரு' என்று மட்டும்.

டேங்கை இறக்கினேன்.
உள்ளே உறிஞ்சும் குழாயில், பாதி உயரத்தில்,
மயிரிழையளவு விரிசல்.
டீசலில் மூழ்கியிருந்தால் டீசலைக் குடிக்கும்.
மட்டம் இறங்கினால் காற்றை.
மேடு பள்ளத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி.

பித்தளை வைத்து ஊதினேன். நூற்றைம்பது ரூபாய்.

"அப்ப எப்பவும் டேங்க் ரொப்பியே ஓட்டியிருந்தா
தெரிஞ்சே இருக்காதா?"
"இருக்காது."
அவள் சிரிக்கவில்லை.
நோட்டில் நூற்றைம்பதை எழுதினாள்.
ரசீதை எங்கே பார்த்தாளோ,
கீழே எழுநூறையும்.

மட்டக் குழாயைக் கழற்றப் போனபோது
வேண்டாம்ணே, இருக்கட்டும் என்றான் தேசிங்கு.
கன்னியக்கோயில் தண்ணி அதில் தெரியும் அன்றைக்குப்
படம் பிடித்து அனுப்புவானாம்.