மாதாந்திரப் பராமரிப்பு

ஒன்பதுக்குப் போன கரண்ட் ஐந்துக்கு வரும் என்று
மின்வாரியத்தின் குறுஞ்செய்தி.
பாலக்கோடு முழுக்க மிக்சிகள்
வாய்மூடிக் கிடக்கின்றன.
நான் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு
ஸ்க்ரூ கழற்றுகிறேன்.

பேட்டரி செத்து இரண்டு வருஷம்.
பிளக்கில் மாட்டினால் உயிர், பிடுங்கினால் பிணம்.
மண்டியின் ஆறு வருஷக் கணக்கை
அது திறந்து முடிப்பதற்குள்
தக்காளி ஏலம் முடிந்து
கிரேடு தூக்குகிறவர்கள் டீ குடித்துத் திரும்பிவிடுவார்கள்.
‘புதுசு வாங்கிடுங்க மேடம்’ என்றான்
தருமபுரிக் கடைக்காரன்,
மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல்.
அவன் சொன்ன விலைக்கு
ஒரு கறவை மாடு பிடிக்கலாம்.
அது சாணியாவது போடும்.

காலண்டரில் கிழித்த தாள்களை வரிசையாகப் பரப்பி
அடிமூடியின் எட்டு ஸ்க்ரூவும் செவ்வாயில்,
விசிறியின் மூன்றும் புதனில்,
தாமிரத் தகட்டின் நான்கும் வியாழனில்.
வியாழன் என் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்றிருந்தது.
அந்த எழுத்தின் மேலேயே ஒரு ஸ்க்ரூவை வைத்தேன்.

ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு
நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று
என்று எண்ணுக்கு எதிராகத் தளர்த்தினால்
வரமாட்டேன் என்று முரண்டி
பச்சக்கென்று வந்தது தகடு.
அடியில் காய்ந்த பேஸ்ட்,
கோயில் தூணில் யாரோ தட்டிவிட்டுப் போன விபூதி மாதிரி.

சாக்கெட்டின் ஓரத்தில் பூட்டுப் படம் போட்ட ஒரு திருகு.
அரைச் சுற்று.
அவ்வளவுதான், பழையது கையோடு வந்துவிட்டது.
இத்தனை நாள் இந்தப் பிஸ்கட்டையா
அப்படித் திட்டினேன்.

புதியது புதியதில்லை.
பெங்களூரில் யார் மடியிலோ சூடாகி ஓய்ந்தது.
ஓசூர் பஸ்ஸில், கன்னடச் செய்தித்தாளில் சுற்றி வந்தது.
தாளில் ஓர் அஞ்சலி விளம்பரத்தின் பாதி முகம்.
தொள்ளாயிரத்து எண்பத்தெட்டுப் பொன்கால்கள்.
ஒன்று மட்டும் நொண்டி.
மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு
அந்த வாய்க்குள் காலை நுழைத்து
மூச்சை நிறுத்தி நிமிர்த்தும்போது
வாசலில் ஷம்ஷாத்:
‘அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?’

இல்லை.

முக்கோணத்துக்கு நேராக முக்கோணம்.
தள்ளவில்லை, தானாக இறங்கியது.
மேலே ஒரு பச்சரிசி அளவு பேஸ்ட்.
கேழ்வரகு அளவு என்றால் போதாது.
ஒன்றரைக்கெல்லாம் மூடிவிட்டேன்.
புதன்கிழமையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம்.

இனி ஐந்து மணிவரை
இது செத்ததா பிழைத்ததா
என்று யாருக்கும் தெரியாது.
களி கிண்டினேன். கட்டி தட்டியது.
வாணியம்பாடி டோல்கேட்டிலிருந்து சென்றாயன் கூப்பிட்டார்,
‘என்ன பண்ற?’
‘சும்மாதான் இருக்கேன்.’
ஓடினால் சொல்லிக்கொள்ளலாம்.
ஓடாவிட்டால், கரண்ட் வந்த வேகத்தில் புகைந்தது என்று
மின்வாரியத்தின் தலையில் போட்டுவிடலாம்.
பழைய பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
சுவரோரம் சாய்ந்திருந்தேன்.
கால்கள் லேசாகக் குத்தின.

நாலே முக்காலுக்கே வந்துவிட்டது.
நான் தயாராக இல்லை.
தெருவெல்லாம் மிக்சி, மோட்டார்,
பாதியில் நின்ற சீரியல்.
பிளக்கைச் செருகி, அழுத்தினேன்.
விளக்கு.
விசிறி சுற்றியது, நின்றது.
கறுப்புத் திரையில் என் முகம், மூக்கில் பேஸ்ட்.
எண்ணிக்கொண்டிருந்தேன், எதுவரை என்று தெரியாமல்.
மறுபடி விசிறி.
மறுபடி நிற்கவில்லை.

ஆறு வருஷத் தக்காளி
பத்தொன்பது நொடியில் திறந்தது.
கிலோ இரண்டு ரூபாய்க்குப் போன வாரமும்
அதே வேகத்தில் வந்து நின்றது.
மாரண்டஅள்ளி செயபாலின் பாக்கி நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து
அப்படியேதான் இருக்கிறது.
புது ஆளுக்குச் சூடு அதிகம்,
மேடேறும் லாரி மாதிரி இரைகிறது.

சென்றாயனைக் கூப்பிட்டு
போனை அதன் பக்கத்தில் பிடித்தேன்.
‘கேக்குதா?’
‘கேக்குது. கரண்ட் வந்துடுச்சா?’ என்றார்.