கொசுறு

ஹால்டனில் என் கடை. பாலத்தைத் தாண்டினால் ஸ்வீடன்.
பழைய ஒலிக்கருவிகளுக்கு விலை சொல்வது பிழைப்பு.
ஆம்ப்ளிஃபயர் யானை மாதிரி,
பாடினாலும் ஆயிரம், பாடாவிட்டாலும் ஆயிரம்,
உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்காகவே முதுகு பிடிக்கத்
தூக்கிக்கொண்டு போவார்கள்.
டர்ன்டேபிளுக்கு இளவட்டங்களின் வரிசை,
ஊசியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல்.
கேசட் டெக்கில் பெல்ட்டுக்குக் கழித்து,
உடைந்த பட்டனுக்குக் கழித்து, ஏதோ ஒன்று தேறும்.
ட்யூனருக்குக் கணக்கே கிடையாது.
வடக்கிலிருந்து தொடங்கி மாவட்டம் மாவட்டமாக
பெரிய எஃப்எம் நிலையங்களை அணைத்துக்கொண்டு வந்தார்களே,
அந்த வருடத்திலிருந்து
ட்யூனர் கொசுறு.

போன பிப்ரவரி, உப்புத் தூவிய சாலை.
சொல்ஃப்ரிட் வந்தாள்.
ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில்
சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது ஒரு டாண்ட்பெர்க்.
கண்ணாடியில் கீறல் இல்லை.
குமிழைச் சுண்டிவிட்டேன்,
முள் எண்பத்தெட்டிலிருந்து நூற்றெட்டு வரை
தானாகவே வழுக்கிப் போய் நின்றது.
அப்படி ஒரு உடம்பு.

'ஐந்நூறு' என்றேன்.
'ஐந்நூறு என்ன?'
'குரோனர்.'

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாள் எடுத்தாள்.
விவாகரத்துப் பட்டியல். ஆஸ்கெய்ரின் குண்டுக் கையெழுத்து.
ஸ்பீக்கர் ஜோடி, ஆறாயிரம், அவனுக்கு.
ட்யூனர், ஆறாயிரம், அவளுக்கு.
ஆம்ப்ளிஃபயர் அவள் காசு, பட்டியலில் இல்லை.
காபி மெஷினுக்கு நேரே இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தது.
அதற்கு அவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள்.
இதற்கு இல்லை.

எனக்கு ஜனவரி ஞாபகம் வந்தது.
ஒரு குரல், போனில், 'சும்மா ஒரு விலை தெரிந்துகொள்ளத்தான்.'
அந்த ஸ்பீக்கர் இன்றைக்குப் பன்னிரண்டுக்குக் குறையாது என்றேன்.
ட்யூனரா, ஆம்ப்ளிஃபயர் விற்றால் கூடவே கொடுத்துவிடு என்றேன்.
சிரித்தான். நானும் சிரித்தேன்.

சொல்லவில்லை இதை அவளிடம்.
ஏரியல் ஒயரைச் செருகினேன்,
பழுது கருவியில் இல்லை என்றாவது காட்டலாமே என்று.
மஞ்சள் விளக்கு எரிந்தது.
இரைச்சல்.
தொண்ணூற்றொன்றில் இரைச்சல்,
தொண்ணூற்று மூன்றில் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல் இரைச்சல்,
பிறகு சிக்னல் முள் படக்கென்று நிமிர்ந்து
ஒரு பெண் ஸ்வீடிஷில் சொன்னாள்,
சரக்கு லாரி கவிழ்ந்திருக்கிறது, மாற்றுப் பாதையில் போங்கள்.
மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

'இது எங்கிருந்து?'
'அக்கரையிலிருந்து.'
'அங்கே இதற்கு விலை உண்டா?'
'இரண்டாயிரம் போகும். இரண்டரையும் போகலாம்.'
'அப்படியென்றால்
ஒரு பாலம் இரண்டாயிரம் குரோனர்' என்றாள்.

நான் பெட்டியை மூடப் போனேன். தடுத்தாள்.
கடை முத்திரையோடு எழுதித் தரச் சொன்னாள்:
ட்யூனர், நார்வேயில் விலை, ஐந்நூறு.
ஸ்பீக்கருக்கும் எழுதச் சொன்னாள், மாடலைச் சொல்லி.
பேனா ஓடவில்லை, குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.
உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றி எழுதினேன்.
பன்னிரண்டாயிரம்.
ஐந்நூறு, அடைப்புக்குறிக்குள், நன்றாக வேலை செய்கிறது.
வழக்கறிஞர் பெயர் கேட்டேன். சொல்லவில்லை.
பெல்ட்டை மாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச்சில் ஆஸ்கெய்ர் இரண்டு முறை கூப்பிட்டான்.
கை முழுக்க ஈயப் பற்று, எடுக்கவில்லை.
அது முதல் முறைக்கு.

ஏப்ரலில் அதே கார்.
பின் இருக்கையில் இரண்டு ஸ்பீக்கர்,
இரண்டுக்கும் பெல்ட்.
நான் கையைத் துடைத்துக்கொண்டு தொகை சொல்ல ஆரம்பித்தேன்.
'விற்க வரவில்லை' என்றாள்,
'ஒயர் வேண்டும். எட்டு மீட்டர்.'

அளந்தேன். வெட்டுமுன்
கை இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிற்று.
'எட்டுதான் கேட்டேன்.'
'தெரியும்.
அது கொசுறு.'